பிரிட்டனின் 'பேசர்' டீசல் ரயில்கள் பஸ்ஸைப் போல இருந்தது ஏன்?

தோற்றம் மட்டுமல்ல, அவற்றின் வடிவமைப்பே பஸ்ஸிலிருந்து வந்ததுதான். 1950களின் டீசல் ரயில்கள் 1980களில் மூப்படைந்துவிட்டன. கிளைப் பாதைகளுக்குப் புதியவை வாங்க, அரசு ரயில் நிறுவனமான பிரிட்டிஷ் ரயிலிடம் பணம் போதவில்லை. ஆகவே, லேலண்டு நேஷனல் பஸ்ஸின் பாகங்களால் பெட்டியைக் கட்டி, இரண்டே அச்சுகள் கொண்ட அடிச்சட்டத்தின் மேல் பொருத்தினார்கள்.

சிக்கல் அந்த அச்சுகளில்தான். வழக்கமான பெட்டியில் சக்கரத் தொகுதி வளைவுக்கேற்பத் திரும்பும். பேசரில் அது கிடையாது. அதனால் கூர்மையான வளைவுகளில் சக்கரங்கள் கிறீச்சிடும், தண்டவாள இணைப்புகளில் பெட்டி குலுங்கும்.

இருந்தாலும் நான் அவற்றைப் பழிக்க மாட்டேன். மூடப்படும் அபாயத்தில் இருந்த பாதைகளில் ரயில் ஓட அவை உதவின. சுமார் 20 ஆண்டுகளுக்கென உருவானவை, 30 ஆண்டுகளுக்கு மேல் உழைத்தன. மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் விதிகள் நடைமுறைக்கு வந்தபின், 2021-இல் வேல்ஸில் கடைசிப் பேசர்கள் ஓய்வுபெற்றன.