டிலனின் பிற்காலம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் அறுபதுகளின் பாடல்களைக் கேட்டு வளர்ந்தவன் நான். அண்மையில் அவருடைய சில மேடைப் பதிவுகளைக் கேட்டேன். குரல் தேய்ந்துபோயிருக்கிறது. பழைய பாட்டுகளின் மெட்டையே மாற்றிவிட்டார். இரண்டு வரி போன பிறகுதான் எந்தப் பாட்டு என்றே தெரிகிறது. உச்சத்தில் இருந்தபோதே நிறுத்தியிருக்கலாமே என்று வருத்தமாக இருந்தது. எண்பதைத் தாண்டியவர் இப்போது செய்வது படைப்பா, வெறும் பழக்கமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்த வருத்தம் எனக்கும் நெடுநாள் இருந்தது. அதை மாற்றியது 2004-இல் அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் செய்தியாளர் எட் பிராட்லிக்கு அவர் கொடுத்த பேட்டி. இளமையில் எழுதிய ஒரு பாட்டின் முதல் வரிகளைச் சொல்லிக்காட்டி, இதையெல்லாம் எப்படி எழுதினேன் என்றே தெரியவில்லை, ஒரு காலத்தில் முடிந்தது, இப்போது வேறு சிலவற்றைச் செய்ய முடியும், இது முடியாது என்றார். கொஞ்சமும் மழுப்பவில்லை. அன்று அவருக்கு 63 வயது.

சரி, அது வராது என்று தெரிந்த பிறகு ஒருவர் என்ன செய்வார்? டிலன் மற்றவர்களின் பாட்டைப் பாடினார். என் கணக்கில் அவருடைய பிற்காலத்தின் ரகசியமே இதுதான்.

1990-க்குப் பிறகு ஏழு வருடம் அவரிடமிருந்து புதிய சொந்தப் பாடல்களின் தொகுப்பு வரவில்லை. இடையில் 1992-லும் 1993-லும் இரண்டு தொகுப்புகள் வந்தன. கிட்டாரும் மவுத்தார்கனும் மட்டும் வைத்துக்கொண்டு தனியாளாகப் பாடிய பழைய நாட்டுப்புறப் பாடல்கள், அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸ். அவர் சொந்தமாக எழுதியது ஒன்றுகூடக் கிடையாது. ஆள் முடிந்துவிட்டார் என்று தோன்றியிருக்கும். அப்புறம் 1997-இல், 56 வயதில், 'டைம் அவுட் ஆஃப் மைண்ட்' வந்தது. அவ்வருட இசைக்கு ஆண்டின் சிறந்த தொகுப்புக்கான கிராமி விருதையும் வாங்கியது. அந்த வருடம் மே மாதம் இதய உறையில் தொற்று வந்து மருத்துவமனையில் கிடந்தார். அதனால் சாவைப் பார்த்துவிட்டு வந்து எழுதிய பாடல்கள் இவை என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் ஜனவரியிலேயே பதிவு செய்தாகிவிட்டது. அந்த இருட்டு நோயிலிருந்து வந்ததல்ல. கேட்டுப் பாருங்கள், பழைய ப்ளூஸின் சொற்கள் வரிக்கு வரி ஊறிக்கிடக்கின்றன.

இரண்டாம் முறையும் அப்படியே. 2012-இல் 'டெம்பெஸ்ட்'. அடுத்த சொந்தப் பாடல் தொகுப்புக்கு எட்டு வருடம். நடுவே 2015 முதல் 2017 வரை மூன்று தொகுப்புகளாக 52 பாடல்கள், பெரும்பாலும் அந்தக்கால அமெரிக்கப் பாடகர் ஃபிராங்க் சினாட்ரா பாடியவை. அப்போது நானும் சலித்துக்கொண்டேன். இவருக்கு எதற்கு இந்த வேலை என்று நினைத்தேன். நான் தவறாக நினைத்திருக்கிறேன். அந்தப் பாடல்களைக் கத்திப் பாட முடியாது. ஒவ்வொரு சொல்லையும் மூச்சு பார்த்து மெதுவாக இறக்கிவைக்க வேண்டும். எழுபது வயதைத் தாண்டிய ஒரு மனிதர் திரும்பவும் பாடக் கற்றிருக்கிறார். குரல் தேய்ந்துவிட்டது என்கிறீர்கள். 'டெம்பெஸ்ட்'டையும் 2020-இல் வந்த 'ரஃப் அண்ட் ரவுடி வேஸ்'ஸையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். எட்டு வயது கூடியவரின் குரல்தான் தெளிவாக இருக்கும்.

மெட்டை மாற்றுவதற்கும் முதுமைக்கும் சம்பந்தமில்லை. 1978-இல், 36 வயதில், ஜப்பான் மேடைகளிலேயே தன் பிரபலமான பாடல்களை அடையாளம் தெரியாமல் மாற்றியவர் அவர். எல்லா இரவும் நன்றாக அமைகிறது என்று சொல்ல மாட்டேன். சில பதிவுகளில் அவருடைய பியானோ பாட்டை மிதித்துக்கொண்டு போகிறது. ஆனால் 2021 நவம்பரில் தொடங்கிய பயணத்தில் புதிய தொகுப்பின் பத்துப் பாடல்களில் பெரும்பாலானவற்றை இரவுதோறும் பாடினார். கூட்டம் கேட்க வந்த பழைய பாடல்கள் பல அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை. பழக்கத்துக்காக மேடையேறுபவர் இதைச் செய்வாரா?

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தத் தொகுப்பின் கடைசிப் பாட்டு 'மர்டர் மோஸ்ட் ஃபவுல்'. கிட்டத்தட்ட 17 நிமிடம்; அவர் பதிவு செய்ததிலேயே நீளமானது. 1963-இல் அமெரிக்க அதிபர் கென்னடி கொல்லப்பட்டதில் தொடங்குகிறது. பிற்பகுதியில் வானொலி அறிவிப்பாளர் உல்ஃப்மேன் ஜாக்கிடம் இந்தப் பாட்டைப் போடு, அந்தப் பாட்டைப் போடு என்று கேட்டுக்கொண்டே போகிறார். ஜாஸ், ப்ளூஸ், ராக் என்று வாழ்நாள் முழுக்கக் கேட்ட மற்றவர்களின் பாடல்கள் வரிசையாக வருகின்றன. ஒரே மூச்சில் இரவில் கேளுங்கள். அந்த நீண்ட பட்டியலின் கடைசியில் அவர் போடச் சொல்வது இதே பாட்டைத்தான்.