வாசகியர் கேள்வி: ஃபினாயில் போட்டும் பேதி நிற்கவில்லையே?

கேள்வி: அக்கா, எனக்கு ஊர் புளியரை. வீட்டு முன்கூடத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். மொத்தம் ஆறு பேர், அதில் மூன்று பேர் டயப்பர் போடுகிறவர்கள். இரண்டு பிள்ளைகளின் அம்மாமார் கொல்லம் ரயிலில் புனலூருக்கு வேலைக்குப் போகிறார்கள், சாயங்காலம்தான் வருவார்கள். டயப்பர் மாற்ற ஜன்னலோரம் ஒரு மேசை போட்டு, அதன்மேல் ஸ்பாஞ்சு மெத்தை விரித்திருக்கிறேன். ஒரு நாளைக்கு மூன்று தடவை ஃபினாயில் போட்டுத் துடைக்கிறேன். கைக்கு சானிடைசர் வைத்திருக்கிறேன். ஆனாலும் ஆனி பிறந்ததிலிருந்து இரண்டு பிள்ளைகளுக்கு மாறி மாறி வயிற்றுப்போக்கு. ஒரு பிள்ளையின் ஆச்சி வந்து, "உன் வீட்டில் சுத்தம் பத்தாது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அன்றைக்கு அழுகையை அடக்க முடியவில்லை. நான் எங்கே தப்பு செய்கிறேன்?

பதில்: தங்கச்சி, மூன்று வேளையும் துடைக்கிற உங்களைச் சுத்தம் பத்தாதவர் என்று நான் சொல்ல மாட்டேன். வேலையின் வரிசைதான் மாறிக் கிடக்கிறது. இதே இடத்தில் நானும் ஒருநாள் நின்றிருக்கிறேன், அதைச் சொல்கிறேன்.

நர்ஸ் வேலையிலிருந்து வந்து செங்கோட்டை வீட்டில் பிள்ளை பார்க்கத் தொடங்கிய இரண்டாம் வருஷம். ஒரே வாரத்தில் நான்கு பிள்ளைகளுக்குப் பேதி. பாலைச் சந்தேகப்பட்டேன், பால்காரரை மாற்றினேன். தண்ணீரைக் கொதிக்க வைத்தேன். நிற்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகள் வராத நேரத்தில், மகளின் பழைய பொம்மைக்கு டயப்பர் கட்டி உள்ளே நாலு சொட்டு நீலம் விட்டேன். துணிக்குப் போடுகிற அதே சொட்டுநீலம், தண்ணீர் கலக்காமல். பிறகு தினமும் செய்வதுபோலவே அவிழ்த்தேன், துடைத்தேன், புது டயப்பர் மாட்டினேன், கை கழுவினேன். முடித்துவிட்டுச் சுற்றிப் பார்த்தேன். தண்ணீர் மொள்ளும் கப்பின் பிடியில் நீலம். க்ரீம் டப்பா மூடியில் நீலம். புது டயப்பர் பாக்கெட்டின் வாயில், அலமாரிக் கதவின் ஓரத்தில் நீலம். பொம்மையின் உள்ளங்கையில்கூட இருந்தது. கழுவின கையால் குழாயை மூடினேன் இல்லையா, அந்தத் திருகலில் விரல் நுனிக்கு மறுபடியும் நீலம் வந்திருந்தது. மெத்தையைத் துடைத்த துணியை அலசாமல் மேசைக் காலைத் துடைத்திருக்கிறேன், அங்கேயும் ஒரு கோடு.

நீங்களும் இதை ஒருதரம் செய்து பாருங்கள். நான் எத்தனை பக்கம் எழுதினாலும் அந்த நீலம் சொல்வதுபோல் சொல்ல முடியாது.

சரி, உங்கள் மேசைக்கு வருவோம். முதலில் அந்த ஸ்பாஞ்சு மெத்தையை எடுத்துவிடுங்கள். தையல் வழியாக மூத்திரம் உள்ளே இறங்கிவிடும், மேலே எவ்வளவு துடைத்தாலும் உள்ளே ஊறிக் கிடப்பது போகாது. வாடை வருவதும் அதிலிருந்துதான். நம் பக்கத்துச் சாரல் காலத்தில் அது காயவும் காயாது. தையல் இல்லாத வழுவழுப்பான ரெக்சின் விரிப்பு இரண்டு வாங்குங்கள். ஏன் இரண்டு என்று பின்னால் சொல்கிறேன். வெடிப்போ கீறலோ விழுந்த அன்றே அதைக் கழித்துவிட வேண்டும். இன்னொன்று, மேசையில் வைத்து மாற்றினால் ஒரு கை எப்போதும் பிள்ளைமேல் இருக்க வேண்டும். நான் தரையில் விரித்துத்தான் மாற்றினேன். முழங்கால் வலிக்கும், ஆனால் பிள்ளை விழாது. தரையோ மேசையோ, சமையல்கட்டும் சோறு ஊட்டும் இடமும் தள்ளி இருக்கட்டும்.

அடுத்தது ஃபினாயில். மணம் வந்தால் சுத்தமாகிவிட்டது என்று நம் எல்லோருக்கும் ஒரு பழக்கம். பிள்ளையின் தோல் படுகிற இடத்துக்கு அது ஆகவே ஆகாது, எரிச்சல் கொடுக்கும். பேதிக் கிருமிகளுக்கு பிளீச்சிங் பவுடர்தான் கைகண்டது. ஆனால் அழுக்கு மேலேயே அதை ஊற்றினால், மருந்தின் வேகத்தை அழுக்கே தின்றுவிடும். அதனால் முதலில் சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, நல்ல தண்ணீரால் அலசி, அப்புறம்தான் மருந்துத் தண்ணீர். மூத்திரத்தோடு நேரடியாகக் கலந்தால் கண்ணும் மூக்கும் எரிகிற காற்று வரும், அதற்காகவும் முதலில் கழுவ வேண்டும்.

அளவு: ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீருக்கு 3 கிராம் நல்ல பவுடர், ஏறக்குறைய தலைதட்டிய ஒரு டீஸ்பூன். கலக்கித் தெளியவிட்டு, மேலே இருக்கும் தெளிந்த நீரை எடுத்துக்கொள்ளுங்கள். பேதி, வாந்தி பட்ட இடமென்றால் லிட்டருக்கு 15 கிராம். தடவிப் பத்து நிமிஷம் ஈரமாக இருக்க வேண்டும். பிறகு வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, ஃபேன் காற்றில் காயவிட வேண்டும். அந்தப் பத்து நிமிஷத்துக்குள் அடுத்த பிள்ளை டயப்பரை நனைத்துவிடும், அதற்குத்தான் இரண்டாவது விரிப்பு. கலந்த தண்ணீர் அன்றைக்கு மட்டும்தான், மறுநாள் புதிதாகக் கலக்குங்கள். பவுடரைச் சின்னப் பாக்கெட்டாக வாங்கி, இறுக மூடும் டப்பாவில் வையுங்கள். சாரல் ஈரம் பட்டுக் கட்டி தட்டிய பவுடரில் வீரியம் இருக்காது. கக்கூஸ் கழுவும் ஆசிட்டோடு ஒருக்காலும் சேர்க்காதீர்கள், வருவது விஷக்காற்று. டப்பா, பாட்டில் எல்லாம் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் பூட்டி இருக்கட்டும்.

இனி கை. சானிடைசரை நம்பி இராதீர்கள். வாந்தி பேதி கொண்டுவரும் சில வைரஸ்களுக்கு அது சரியாகப் பிடிக்காது. சோப்புப் போட்டு இருபது வினாடி தேய்த்து, ஓடுகிற தண்ணீரில் கழுவுங்கள். வாளியில் கப்பு போட்டு மொள்ளுவதை நிறுத்துங்கள், அந்தப் பிடிதான் என் வீட்டில் முதல் குற்றவாளி. அடியில் குழாய் வைத்த பிளாஸ்டிக் டிரம் ஒன்று போதும், மணிக்கட்டால் தட்டித் திறக்கிற குழாயாகப் போட்டுக்கொள்ளுங்கள். சகதியில் ஊறும் சோப்புக்கட்டிக்குப் பதிலாக அமுக்கி எடுக்கும் சோப்பு வையுங்கள். டயப்பரை அவிழ்க்கும் முன்பே வேண்டியதை எல்லாம் எடுத்து வைத்துவிட்டால், அழுக்குக் கையோடு அலமாரியைத் திறக்க வேண்டி வராது. க்ரீமைக்கூட ஒரு தாளில் முன்பே எடுத்து வைத்துக்கொள்ளலாம். மாற்றி முடித்ததும் பிள்ளையின் கையையும் கழுவிவிடுங்கள். அது எங்கேயோ தொட்டிருக்கும், அடுத்து வாய்க்குத்தான் போகும்.

நோய் இருக்கிற பிள்ளைக்கு மட்டும் கவனம் என்று வைத்துக்கொள்ளக் கூடாது. 2022-ல் கொல்லம் மாவட்டத்தில் தக்காளிக் காய்ச்சல் என்று பரவியது நினைவிருக்கும். உங்களுக்கு மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆரியங்காவிலும் இருந்தது. தெற்கே நமக்கு அப்படியென்றால், வடக்கே கோவை எல்லையில் இருக்கும் வாளையாறு சோதனைச் சாவடியில் பிள்ளைகளை இறக்கிப் பரிசோதித்தார்கள். கை, கால், வாயில் கொப்புளம் வருகிற நோயின் ஒரு வகை அது. கொப்புளம் ஆறி, பிள்ளை சிரித்து ஓடத் தொடங்கிய பிறகும் வாரக்கணக்கில் மலத்தில் கிருமி வெளியேறும். பார்த்தால் தெரியாது. ஆகவே எல்லா டயப்பருக்கும் ஒரே மரியாதை. சேர்க்கும்போதே தடுப்பூசி அட்டையைக் கேட்டுப் பாருங்கள். 6, 10, 14 வாரங்களில் கொடுக்கும் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து போட்டிருக்கிறதா என்று பார்ப்பது நம் வேலைதான்.

ஒரு நோட்டுப் போட்டு, எந்தப் பிள்ளை எப்போது போனது, எப்படிப் போனது என்று எழுதி வையுங்கள். ஒரே நாளில் மூன்று தடவை தண்ணியாகப் போனால், ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்றைக் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து கொடுக்கத் தொடங்கி, அம்மாவுக்குப் போன் செய்துவிடுங்கள். ரத்தம் கலந்து போனாலோ, மூத்திரம் குறைந்து பிள்ளை துவண்டாலோ உடனே ஆஸ்பத்திரி. பேதி நின்று இரண்டு நாள் ஆன பிறகு அனுப்புங்கள் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள், ஒரு நாள் சம்பளம் போகிற அம்மாவுக்கு அது கஷ்டம்தான், தெரிந்தேதான் சொல்கிறேன்.

அந்த ஆச்சியைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒருநாள் கூப்பிட்டு உட்காரவைத்து, காபி கொடுத்து, நீங்கள் மாற்றுகிற விதத்தை முழுசாகக் காட்டுங்கள்.

கேள்வி: கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். சாரலில் துணி காயவில்லை என்று நாங்களும் பேம்பர்ஸுக்கு மாறிவிட்டோம். சேருகிற குப்பையைக் கொல்லையில் எரிக்கலாமா? சிலர் வாய்க்காலில் போடுகிறார்கள்.

பதில்: இரண்டுமே வேண்டாம். அதில் பாதி பிளாஸ்டிக், எரித்தால் வரும் புகை அதே பிள்ளைகளின் மூச்சில்தான் போகும். வாய்க்காலில் போட்டால் கீழ்ப்பக்கத்து வயலுக்குத்தான் போய்ச் சேரும். மலத்தைக் கக்கூஸில் தட்டிவிட்டு, டயப்பரை உள்பக்கமாகச் சுருட்டி ஒட்டி, பழைய பேப்பரில் பொதிந்து, காலால் மிதித்துத் திறக்கும் மூடி வாளியில் போடுங்கள். திடக்கழிவு விதிகளே டயப்பரைத் தனியாகப் பொதிந்துதான் கொடுக்கச் சொல்கின்றன. எங்கே, எந்த நாளில் வாங்குகிறார்கள் என்று பஞ்சாயத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். துணி கட்டுவதையும் முழுதாக விட வேண்டாம். துவைத்து, கொதிநீரில் போட்டு எடுத்து, நிழலில் முக்கால்வாசி காய்ந்ததும் சூடாக இஸ்திரி போட்டால் ஈரம் தங்காது.

கேள்வி: களியக்காவிளையில் பேரனைப் பார்த்துக்கொள்கிறேன். துடைக்கும் தண்ணீரில் கிருமிநாசினி கலந்து, பவுடர் போடுகிறேன். தொடை இடுக்கு சிவந்தே இருக்கிறது.

பதில்: இரண்டையும் இன்றோடு நிறுத்துங்கள் அம்மா. கிருமிநாசினி தோலை எரிக்கும், பவுடர் மூச்சில் ஏறும். வெறும் இளஞ்சூட்டுத் தண்ணீர், மெல்லிய வேட்டித் துணி, தேய்க்காமல் ஒற்றி எடுப்பது போதும். பத்து நிமிஷம் எதுவும் கட்டாமல் காற்றாடக் கிடக்கட்டும். பிறகு ஜிங்க் ஆக்ஸைடு க்ரீமை லேசாகப் பூசுங்கள். இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருதரம் டயப்பரை மாற்றுங்கள், வெளிக்குப் போனால் உடனே. மூன்று நாளிலும் ஆறாமல், சிவப்பின் ஓரத்தில் சின்னச் சின்னப் பொட்டாகத் தெரிந்தால் பூஞ்சையாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.