ஸ்பேசர் போட்டு வண்டியைத் தூக்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சுசூகி ஜிம்னி வைத்திருக்கிறேன். விடுமுறை கிடைத்தால் நண்பர்களோடு ஜொகூரில் கோத்தா திங்கி, காஹாங் பக்கம் செம்பனைத் தோட்டப் பாதைகளில் போவோம். வண்டியின் அடி அங்கங்கே தட்டுகிறது. ஸ்பிரிங்குக்கு மேல் ஸ்பேசர் (உயரம் கூட்டும் வட்டத் துண்டு) வைத்தால் உயரும், காய் வெட்டும் பிளாஸ்டிக் பலகையை வட்டமாக அறுத்து நாலைந்தை அடுக்கினால் போதும், கடையில் வாங்கவே வேண்டாம் என்கிறார் ஒரு நண்பர். செய்யலாமா?
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: ஸ்பேசரைச் சொந்தமாகச் செய்யலாம். பலகையை அடுக்கிச் செய்யாதீர்கள், தயவுசெய்து.

அந்தப் பலகை பெரும்பாலும் எச்டிபிஇ பிளாஸ்டிக். கையில் வைத்துப் பார்த்தால் கெட்டியாகத்தான் இருக்கும். ஆனால் இரவும் பகலும் பாரம் ஏறிக்கொண்டே இருந்தால் அது மெல்ல மெல்ல நசுங்கி வெளிப்பக்கமாக வழியும், நம் ஊர் வெயிலில் இன்னும் சீக்கிரமாக. ஸ்பிரிங்கும் அந்த முழு வட்டத்தின் மேல் சமமாக உட்காருவதில்லை, கடைசிச் சுற்றின் மெல்லிய கம்பிதான் அழுத்துகிறது. அப்படிச் செய்த ஒன்றைக் கழற்றியபோது நான் பக்கத்தில் இருந்தேன். கம்பி உட்கார்ந்த இடத்தில் விரல் நுனி இறங்கும் அளவுக்குப் பள்ளம், ஓரமெல்லாம் பிதுங்கி வெளுத்துப்போயிருந்தது, அடுக்குகளைச் சேர்த்துப் பிடித்திருந்த போல்ட் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. அந்த வண்டியில்தான் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போகிறோம் என்பதை நினைத்துப் பாருங்கள். மரக்கட்டையும் வேண்டாம், தண்ணீர் குடித்து நார் வழியே பிளந்துவிடும்.

செய்வதென்றால் ஒரே துண்டாக இருக்க வேண்டும். அலுமினிய உருளையை லேத்தில் கடைந்து எடுப்பது நல்லது. மேலே வண்டியில் ஸ்பிரிங் உட்காரும் இடத்தில் பொருந்தும் விளிம்பு, கீழே ஸ்பிரிங்கின் தலை நழுவாமல் உட்காரும் விளிம்பு, இரண்டும் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் மேடு பள்ளத்தில் ஸ்பிரிங் தளர்ந்து திரும்ப உட்காரும்போது அதற்குத் தன் இடம் தெரிய வேண்டும். ஒரிஜினல் ரப்பர் மெத்தையைத் தூக்கி எறியாமல் திரும்பப் போடுங்கள். அலுமினியம் நேராக இரும்பில் பட்டு, நடுவில் உப்பு ஈரமும் சேர்ந்தால் அரிப்பு பிடிக்கும், நாம் இருப்பது கடல் சூழ்ந்த தீவு. அதனால் பெயின்ட் அடித்து, இடையில் ரப்பர் வைத்துப் போடச் சொல்லுங்கள். இடம் வலம் இரண்டும் ஒரே கனம். 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை போதும், அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள்.

அப்புறம் பலரும் விட்டுவிடுகிற விஷயம் பம்ப் ஸ்டாப், அதாவது சக்கரம் அளவுக்கு மேல் ஏறாமல் தடுக்கும் ரப்பர். ஜிம்னியில் ஸ்பிரிங் தனி, ஷாக் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர்) தனி. ஸ்பிரிங்குக்கு மேல் 30 மி.மீ. வைத்தால், சக்கரம் முழுதாக மேலே ஏறும்போது ஸ்பிரிங் முன்பைவிட 30 மி.மீ. அதிகமாக நசுங்க வேண்டியிருக்கும். சுற்றோடு சுற்று முட்டி ஸ்பிரிங் கட்டையாகிவிட்டால் அடி நேராக சேசிஸுக்கு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்துக்குப் போகும். ஆகவே ஸ்பேசர் எவ்வளவோ அவ்வளவுக்குப் பம்ப் ஸ்டாப்பையும் கீழே இறக்க வேண்டும். இன்னொன்று, பழைய ஷாக்கையே வைத்திருந்தால் அது நிற்கும்போதே 30 மி.மீ. நீண்டு நிற்கும், குழியில் சக்கரம் இறங்க மிச்சமிருக்கும் இடம் அவ்வளவு குறையும், சீக்கிரம் எட்டிப்பிடித்து 'டக்' என்று அடிக்கும். நல்ல பக்கமும் உண்டு. சக்கரம் இறங்குவதை அந்த ஷாக்தான் தடுக்கிறது என்பதால் பிரேக் ஹோஸ் பழைய அளவைத் தாண்டி இழுபடாது. நீளமான ஷாக் மாற்றுகிற அன்றைக்குத்தான் ஹோஸ் பிரச்சினை வரும்.

ஜிம்னிக்கு முன்னும் பின்னும் முழு ஆக்சில், இடம் வலம் இரு சக்கரத்தையும் ஒரே கட்டையாக இணைப்பது. உடலைத் தூக்கினால் ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் ராடு சாய்ந்து, ஆக்சில் ஒரு பக்கமாக நகரும். 30 மி.மீ.க்குக் கொஞ்சம்தான், இன்னும் உயரம் போனால் கண்ணுக்கே தெரியும். முன் ஆக்சில் லேசாகச் சுழல்வதால் காஸ்டர் கோணமும் (சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறையும். வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வரச் சோம்பும், வேகத்தில் வண்டி அலைபாயும். வேலை முடிந்ததும் அலைன்மென்ட் பார்க்காமல் விரைவுச்சாலையில் ஏறாதீர்கள்.

கடைசியாக, நீங்கள் எதிர்பார்க்கிற ஒன்று இதில் கிடைக்காது. ஸ்பேசர் உடலை மட்டும்தான் தூக்கும். ஆக்சிலும் அதன் நடுவில் தொங்கும் டிஃபரன்ஷியல் குண்டும் (இரு சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) இருந்த உயரத்திலேயே இருக்கும். தோட்டப் பாதையில் லாரித் தடங்களுக்கு நடுவே நிற்கும் மண்மேட்டில் தட்டுவது பெரும்பாலும் அந்தக் குண்டுதான். அதை உயர்த்துவது டயர் மட்டுமே. கணக்குப் போட்டுப் பாருங்கள்: கம்பெனி அளவான 195/80ஆர்15 டயரின் விட்டம் சுமார் 693 மி.மீ., 215/75ஆர்15 சுமார் 703. வித்தியாசத்தில் பாதிதான் தரைக்கு மேல் கிடைக்கும், அதாவது 5 மி.மீ. 235/75ஆர்15 போட்டால் 20 மி.மீ. அந்த டயர் உரசாமல் சுழல இடம் வேண்டும் என்பதற்காகத்தான் விவரம் தெரிந்தவர்கள் ஸ்பேசர் வைக்கிறார்கள். மற்றபடி ஸ்பேசரால் மேட்டில் ஏறும்போது முன் பம்பரும், தாண்டும்போது வயிறும் தட்டுவது குறையும். உங்களுக்கு எங்கே தட்டுகிறது என்று அடியில் படுத்துக் கீறல்களைப் பார்த்துவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பில் முன் ஸ்ட்ரட்டுக்கு (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்தது) மேல் 25 மி.மீ. ஸ்பேசர் வைத்தோம், வண்டி ஏறக்குறைய 50 மி.மீ. உயர்ந்துவிட்டது. ஏன்? பின்னால் என்ன செய்வது?
– வாசகர், ஜூரோங்

பதில்: ஸ்ட்ரட்டின் கால் கீழ்க் கையின் (சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கும் இரண்டு கைகளில் கீழே உள்ளது) நடுப்பகுதியில் நிற்கிறது, சக்கரம் கையின் நுனியில் இருக்கிறது. நடுவில் ஒரு பங்கு தள்ளினால் நுனி சுமார் இரண்டு பங்கு இறங்கும். இங்கே ஸ்ட்ரட் முழுவதுமே கீழே இறங்கிவிடுவதால் சக்கரம் தொங்கும் ஆழமும் கூடிவிடுகிறது, ஜிம்னியில் நடக்காதது இது. பால் ஜாயின்டும் (கையின் நுனியில் உள்ள உருண்டை மூட்டு) சிவி ஜாயின்டும் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டு) அவற்றுக்குச் சொல்லாத கோணத்தில் சுழல்கின்றன, மேல் கை ஸ்பிரிங்கில் முட்டலாம். சேசிஸை ஜாக்கில் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, சக்கரங்களை முழுதாகத் தொங்கவிட்டு, ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் வயரும் தளர்வாக இருக்கின்றனவா, மேல் கைக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறதா, சிவி ரப்பரின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசுகின்றனவா? ஒன்று சரியில்லை என்றாலும் கனத்தைக் குறையுங்கள்.

பின்னால் லீஃப் ஸ்பிரிங், இரும்புப் பட்டைகளை அடுக்கியது. ஆக்சிலுக்கும் லீஃபுக்கும் நடுவே இரும்புக் கட்டை வைக்கலாம், ஒன்றே ஒன்று. கட்டைமேல் கட்டை கூடவே கூடாது, பிரேக் பிடிக்கும்போது ஆக்சில் முறுக்கி அவற்றை உருட்டித் தள்ளிவிடும். ஆக்சிலையும் லீஃபையும் சேர்த்துக் கட்டும் யு-போல்ட் நீளமானதாகவும் புதியதாகவும் இருக்கட்டும், கொஞ்ச தூரம் ஓடியதும் அதைத் திரும்ப முடுக்கிவிடுங்கள்.

கேள்வி: இதெல்லாம் சிங்கப்பூரில் சட்டப்படி சரியா?
– வாசகர், பொங்கோல்

பதில்: நிலப் போக்குவரத்து ஆணையம் மாற்றங்களை மூன்றாகப் பிரித்திருக்கிறது: அனுமதி வேண்டாதவை, அனுமதி வேண்டியவை, செய்யவே கூடாதவை. லேத்துக்குப் போகும் முன்பே உங்கள் வண்டி மாடலைச் சொல்லி ஆணையத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒர்க்‌ஷாப்காரர் வாய்வார்த்தையாக 'ஒன்றும் ஆகாது' என்பது போதாது. சட்டவிரோத மாற்றத்துக்கு முதல் முறையே அபராதமோ சிறையோ கிடைக்கலாம். கார் மூன்று வயதைத் தாண்டினால் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், பத்தைத் தாண்டினால் ஆண்டுதோறும் பரிசோதனை, அங்கே அடியில் விளக்கடித்துத்தான் பார்ப்பார்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் சொல்லிவிடுங்கள், மறைத்த மாற்றத்தைக் காட்டி இழப்பீட்டை மறுக்க இடம் கொடுக்காதீர்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் பார்க்கில் ஸ்பிரிங்கைக் கழற்றவும் வேண்டாம், அழுத்திய ஸ்பிரிங் தெறித்தால் ஆளையே முடித்துவிடும்.

கேள்வி: செலவே இல்லாமல் சேற்றில் நன்றாகப் போக வழி உண்டா?
– வாசகர், ஈசூன்

பதில்: உண்டு, காற்றைக் குறையுங்கள். தார் முடிந்து மண் தொடங்கும் இடத்தில் நிறுத்தி 18, 20 பிஎஸ்ஐ வரை இறக்கினால் டயர் அகலமாகப் பதிந்து பிடிக்கும். அந்தக் காற்றில் வேகம் வேண்டாம், வெடுக்கென்று திருப்பவும் வேண்டாம், டயர் ரிம்மைவிட்டுக் கழன்றுவிடும். கையடக்கக் கம்ப்ரஸர் ஒன்றைப் பின்னால் போட்டுக்கொள்ளுங்கள், தாருக்குத் திரும்பியதும் அங்கேயே நிரப்பிவிட்டுக் கிளம்புங்கள்.