பாதரசம் வந்தது பாக்டீரியாவுக்கு எப்படித் தெரிகிறது?

பாதரசத்தைத் தாங்கும் ஜீன்கள் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்காது. வேண்டாத புரதத்தைத் தயாரித்துக் குவிப்பது வீண் செலவு, அதனால் பாதரசம் வந்தால்தான் வேலை தொடங்கும்.

காவலாள் மெர்ஆர் என்ற புரதம். வேடிக்கை என்னவென்றால் ஜீனைப் பூட்டுவதும் அதுதான், திறப்பதும் அதுதான். ஜீனைப் படித்து ஆர்என்ஏ நகல் எடுக்கும் நொதியான ஆர்என்ஏ பாலிமரேஸ் பிடித்துக்கொள்ள டிஎன்ஏவில் இரண்டு இடங்கள் உண்டு, நடுவில் வழக்கமாக 17 எழுத்து (டிஎன்ஏவின் கார இணைகள்) இடைவெளி. இங்கேயோ 19. இரண்டே எழுத்துதான் கூடுதல், ஆனால் டிஎன்ஏ முறுக்கிய கயிறு இல்லையா, அதனால் அந்த இரண்டு இடங்களும் ஒரே பக்கம் பார்க்காமல் விலகி நிற்கின்றன. பாலிமரேஸ் வந்து உட்கார்ந்திருக்கும், ஆனால் கிளம்ப முடியாது. ஒரு பாதரச அயனி வந்து மெர்ஆரின் மூன்று சிஸ்டீன்களில் (கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள்) மாட்டியதும் புரதம் வடிவம் மாறி, டிஎன்ஏவின் முறுக்கைக் கொஞ்சம் தளர்த்திவிடும். இரண்டும் நேர்கோட்டுக்கு வர, ஜீனை நகலெடுக்கும் படியெடுப்பு தொடங்கிவிடும்.

அப்புறம் நடப்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது: மெர்பி, மெர்டி என்ற புரதங்கள் விஷத்தை வெளியே தள்ளாமல் உள்ளே இழுத்து வருகின்றன! உள்ளே மெர்ஏ என்ற நொதி அதைத் தனிமப் பாதரசமாக மாற்ற, அது ஆவியாகிப் போய்விடும்.

எல்லா உலோகத்துக்கும் இதே கதை இல்லை. ஆர்செனிக்குக்கு ஆர்ஸ்ஆர் என்று வேறொரு காவலாள், ஆர்செனைட் (ஆர்செனிக்கின் ஒரு வடிவம்) ஒட்டினால் அது டிஎன்ஏவை விட்டே கழன்றுவிடும், ஜீன் திறந்துகொள்ளும், அவ்வளவுதான்.