கூகுள் தேடல் விளம்பரத்தை ஏஜென்சியிடமிருந்து எடுத்து நாங்களே நடத்துவது எப்படி?

கேள்வி: வவுனியாவில் குழாய்க்கிணறு அடித்து வோட்டர் பம்ப் பூட்டிக் கொடுக்கிறோம். விளம்பரத்தைக் கொழும்பு ஏஜென்சி ஒன்று பார்க்கிறது. எப்படிக் கைமாற்றுவது?

ஏஜென்சிக்கு "நிறுத்தப் போறம்" என்று சொல்ல முதல், உங்கள் விளம்பரம் ஓடும் கூகுள் அட்ஸ் கணக்கு (அதற்கு 10 இலக்க எண் இருக்கும்) யாருடையது என்று பாருங்கள். உங்கள் மின்னஞ்சலுக்கு அட்மின் அனுமதி இருக்க வேண்டும்; 'ரீட் ஒன்லி' போதாது. கூகுள் அனலிட்டிக்ஸ் (இணையத்தளத்துக்கு வருவோரை எண்ணுவது), டேக் மனேஜர் (தளத்தில் போடும் கண்காணிப்புக் குறிகளை நிர்வகிப்பது), மேப்பில் உள்ள பிசினஸ் புரொஃபைல் மூன்றிலும் அதே கதைதான். கணக்கு ஏஜென்சியின் சொந்தம் என்றால், புதுக் கணக்கு திறந்து அட்ஸ் எடிட்டர் என்ற கூகுளின் கணினிச் செயலி வழியாகப் பிரதி எடுக்கலாம். ஆனால் பழைய பெறுபேறுகள் அதோடு சேர்ந்து வராது. தானியங்கி ஏலம் (கிளிக்குக்கு எவ்வளவு கொடுப்பதென்று கூகுளே தீர்மானிப்பது) முதலிலிருந்து கற்க வேண்டும். ஆகவே கொஞ்சம் இழுபறிப்பட்டாலும் பழைய கணக்கையே கேட்டு வாங்குங்கள். புதிது திறந்தேயாக வேண்டுமென்றால் நாணயத்தைப் பார்த்துத் தெரியுங்கள், பிறகு மாற்ற முடியாது.

அதிகம் உடைவது கன்வேர்ஷன் கணக்கீடு, அதாவது விளம்பரத்தால் எத்தனை அழைப்பு வந்தது என்று எண்ணுவது. அது ஏஜென்சியின் மனேஜர் கணக்கில் (பல வாடிக்கையாளர் கணக்குகளை ஒன்றாகப் பார்க்கும் மேல் கணக்கு) இயங்கினால், தொடர்பைத் துண்டித்த அன்றே பதிவாகும் அழைப்பு எண்ணிக்கை பூச்சியமாகும். தானியங்கி ஏலம் கண்ணைக் கட்டி விட்டதுபோல் தடுமாறும். செட்டிங்ஸில் அதை முதலில் உங்கள் கணக்குக்கு மாற்றி, இணையத்தளத்தில் புது டேக் (கண்காணிப்புக் குறி) போடுங்கள். தொலைபேசி எண்ணை அழுத்துவது, வட்ஸ்அப் பொத்தானை அழுத்துவது இரண்டையும் பதிந்தால் இந்தத் தொழிலுக்குப் போதும். அதே அழைப்பு அனலிட்டிக்ஸிலிருந்தும் 'பிரைமரி'யாக (ஏலம் கணக்கில் எடுக்கும் முதன்மைக் கன்வேர்ஷனாக) வந்தால் ஒன்று இரண்டாக எண்ணப்படும். மனேஜர் கணக்கிலிருந்து பகிர்ந்த எதிர்ச்சொல் பட்டியலும் (எந்தச் சொல்லைத் தேடினால் விளம்பரம் காட்டக்கூடாது என்ற பட்டியல்) துண்டித்ததும் போய்விடும், முதலே இறக்கி வையுங்கள். இதெல்லாம் முடிந்த பிறகு உங்கள் வங்கி அட்டையைக் கட்டணப் பகுதியில் போட்டு, கடைசியாக மனேஜர் தொடர்பை நீக்குங்கள்.

இடத் தெரிவை ஏஜென்சி எப்படி வைத்தது என்று கட்டாயம் பாருங்கள். வவுனியாவை மையமாக்கி 60 கிலோமீற்றர் வட்டம் போட்டால் அனுராதபுரம் உள்ளே வரும், கிளிநொச்சி வெளியே நிற்கும். வட்டத்தை விட்டுவிட்டு நீங்கள் வேலை செய்யும் இடங்களைப் பெயர் சொல்லித் தெரியுங்கள். அடுத்தது, 'அங்கே இருப்பவர்கள் அல்லது ஆர்வம் காட்டுபவர்கள்' என்பதுதான் இயல்பான அமைப்பு. ரொறன்ரோவில் இருந்து கிளிநொச்சியைத் தேடுபவருக்கும் விளம்பரம் போகும். ஊரில் வீடு கட்டுவிக்கிற வெளிநாட்டு ஆட்கள் உங்களுக்கு வாடிக்கையாளர் என்றால் அவர்களுக்குத் தனிக் கம்பெய்ன் போடுங்கள். இல்லையென்றால் 'இருப்பவர்கள்' மட்டும்.

பிறகு வாரம் ஒருமுறை அரை மணித்தியாலம் தேடல் சொற்கள் அறிக்கையை (ஆட்கள் உண்மையில் என்ன தேடி விளம்பரத்தைக் கண்டார்கள் என்ற பட்டியல்) பாருங்கள். ஏஜென்சிகள் சோம்பல்படுவது பெரும்பாலும் இங்கேதான். 'கிணறு' என்ற சொல்லை புரோட் மேட்சில் (தொடர்புடைய எல்லாத் தேடலுக்கும் விளம்பரம் காட்டும் அமைப்பு) விட்டால், 'கிணறு கனவில் வந்தால் என்ன பலன்' என்று தேடியவரின் கிளிக்குக்கும் நீங்கள் காசு கட்டுவீர்கள். கனவு, பலன், வேலைவாய்ப்பு எல்லாம் எதிர்ச்சொல்லாகட்டும். ஒருமை, பன்மை இரண்டையும் தனித்தனியாகப் போடுங்கள். நம்மாட்கள் தமிழிலும் தேடுவார்கள், ஆங்கில எழுத்தில் தமிழையும் அடிப்பார்கள், 'டியூப் வெல்' என்றும் தேடுவார்கள். மூன்றுக்கும் சொற்கள் வேண்டும். உங்கள் கணக்கில் மொழித் தெரிவு இருந்தால் தமிழை மட்டும் வைக்காதீர்கள், பலரின் போன் ஆங்கிலத்தில் இருக்கும்.

நாளுக்கு 2,000 ரூபாய் என்று வைத்தால் ஒருநாளில் 4,000 வரை போகலாம், பதற வேண்டாம். மாத உச்சம் அதன் 30.4 மடங்கு, 60,800. 'ஒட்டோ அப்ளை' பரிந்துரைகளை (கூகுள் தன் ஆலோசனைகளைத் தானாகவே கணக்கில் செய்துவிடுவது) மட்டும் முதல் நாளே நிறுத்துங்கள்.

கைமாற்றத்தை ஓகஸ்ட், செப்டெம்பர் வறட்சியில் வைக்காதீர்கள். கிணறு வற்றி ஆட்கள் தேடுகிற நேரம் அது, அப்போது ஏலம் தடுமாறினால் பருவமே போய்விடும். காலபோக மழை பிடித்த பிறகு, நவம்பர் அளவில் செய்தால் பிழை விட்டாலும் திருத்த மாதக்கணக்கில் அவகாசம் இருக்கும்.