மடிக்கணினியில் ஒரு நட்சத்திரத்தின் காந்தப்புலம்

கேள்வி: எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். நட்சத்திர ஒளியின் தளவிளைவை (போலரைசேஷன், அதாவது ஒளி அலைகள் ஒரே ஒழுங்கில் அதிர்வதை) வைத்து அதன் காந்தப்புலத்தை அளக்கலாமாமே! நானே செய்து பார்க்க இலவச மென்பொருள் உண்டா?

பதில்: உண்டு. ஸ்பெக்போல்ஃப்ளோ என்ற பைத்தான் தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண மடிக்கணினியே போதும். மூல நிரலையும் திறந்து வரிவரியாகப் படிக்கலாம். மாணவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்!

தரவும் இலவசம்தான். ஹவாயிலுள்ள எஸ்படான்ஸ், பிரான்சின் பிக் டு மிடியில் இயங்கிய நார்வல் ஆகிய கருவிகள் எடுத்த நிறமாலைகள் போலார்பேஸ் தளத்தில் கிடைக்கும். கேட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் டௌ ஸ்கார்பி என்ற நட்சத்திரத்தில் தொடங்குங்கள். அதன் பரப்பில் சுமார் 500 காஸ் (காந்தப்புலத்தின் அலகு) அளவுக்குக் காந்தப்புலம் இருப்பதாக 2006இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள்.

கோப்பில் ஆறு பத்தி எண்கள் இருக்கும்: அலைநீளம், ஒளிச்செறிவு, வட்டத் தளவிளைவு, இரண்டு 'நல்' (null, சரிபார்ப்புக்கானவை) பத்திகள், கடைசியில் பிழை அளவு. காந்தப்புலம் நிறமாலைக் கோடுகளைப் பிரிக்கும் சீமன் விளைவால் ஒவ்வொரு நிறமாலைக் கோட்டிலும் இடவட்ட, வலவட்ட ஒளி சற்றே விலகி நிற்கும். ஆனால் அந்த வேறுபாடு மிகச் சிறியது. தனிக்கோட்டில் பார்த்தால் இரைச்சலில் மூழ்கிவிடும். அதனால் நூற்றுக்கணக்கான கோடுகளைச் சேர்த்து ஒரே சராசரிக் கோடாக மாற்றுகிறார்கள். டோனாட்டி குழுவினர் 1997இல் வெளியிட்ட முறை இது.

எந்தக் கோடுகளைச் சேர்ப்பது என்பதில்தான் உங்கள் உழைப்பு இருக்கிறது. அணுக்களின் நிறமாலைக் கோடுகளைத் தொகுத்து வைத்திருக்கும் வால்டு தரவுத்தளத்திலிருந்து கோட்டுப் பட்டியலை வாங்கி, ஹைட்ரஜனின் அகன்ற கோடுகளையும், நம் வளிமண்டல நீராவியும் ஆக்சிஜனும் கலந்த பகுதிகளையும் நீக்குங்கள். திரையில் பார்த்தபடியே நீக்க இந்தத் தொகுப்பிலேயே கருவி உண்டு. இதில் அவசரப்படவே கூடாது.

அப்புறம் அந்த 'நல்' பத்திகள். கருவியின் பட்டகங்களைத் திருப்பித் திருப்பி நான்கு தடவை ஒளி பிடிப்பார்கள். அந்த நான்கையும் நட்சத்திரத்தின் தளவிளைவு அடிபட்டுப் போகும்படி சேர்த்தால் கிடைப்பதுதான் நல். அதில் ஏதாவது வளைவு தெரிந்தால் கருவியில் கோளாறு இருக்கலாம், அல்லது ஒளி பிடிக்கும் நேரத்துக்குள் நட்சத்திரமே துடித்திருக்கலாம். என் மாணவர்கள் காந்தப்புலம் கிடைத்துவிட்டது என்று ஓடிவந்தால், நான் முதலில் கேட்பது நல் வரைபடத்தைத்தான். அது தட்டையாக இருந்தால் மட்டும் காஸ் கணக்குக்குப் போங்கள்.