கல்யாணத்துக்கு வந்தவங்களுக்கு பெங்களூரை எப்படிச் சுத்திக் காட்டுறது?

தை முகூர்த்தம் கிட்ட வந்துடுச்சு. இந்தத் தடவை வந்த கேள்விங்க எல்லாம் கிட்டத்தட்ட ஒரே விஷயம்தான், வெளியூர்ல இருந்து வர்ற சொந்தபந்தத்தை எங்க கூட்டிட்டுப் போறதுன்னு. அதனால எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுட்டேன்.

அக்கா, பொண்ணுக்குக் கல்யாணம், மண்டபம் அல்சூர்ல. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மதுரை. நாப்பது பேர் வெள்ளிக்கிழமை காலையிலயே வந்து இறங்குறாங்க. ரிசப்ஷன் சனிக்கிழமை சாயந்தரம், முகூர்த்தம் ஞாயிறு. அதுவரைக்கும் அவங்களை ரூம்லயே உக்கார வச்சா நல்லாவா இருக்கும்? எங்க வீட்டுக்காரர் பஸ் ஏற்பாடு பண்ணி பேலஸ், இஸ்கான் கோயில், பன்னேர்கட்டா ஜூ, லால்பாக் எல்லாத்தையும் ஒரே நாள்ல முடிச்சிடலாம்னு லிஸ்ட் போட்டிருக்கார். சரி வருமா?
ஜீவன்பீமா நகர் வாசகி

வராதுங்க. இஸ்கான் ராஜாஜிநகர் பக்கம், பன்னேர்கட்டா ஊருக்குத் தெக்கால இருபது கிலோமீட்டருக்கு மேல, இந்த ரெண்டையும் ஒரே நாள்ல ஒரே பஸ்ல கோக்கணும்னா உங்க சம்பந்தி பெங்களூர்ல பார்க்கப்போறது முன்னாடி நிக்கிற லாரியோட நம்பர் பிளேட்டை மட்டும்தான். ராத்திரி ரயில்ல தூங்கியும் தூங்காம வந்து இறங்குறவங்க, அதுல பாதிப் பேருக்கு முட்டிவலி இருக்கும், ரெண்டு பேருக்கு சுகர் இருக்கும். அவங்க வந்தது கல்யாணத்துக்கு, டூருக்கு இல்ல. மண்டபம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்துலயே பார்க்கறதுக்கு என்ன இருக்குன்னு பாருங்க, உங்களுக்கு அதிர்ஷ்டம், அல்சூர்ல நிறையவே இருக்கு.

வெள்ளிக்கிழமை குளிச்சு டிபன் முடிச்சதும் அல்சூர் சோமேஸ்வரர் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போங்க. சோழர் காலத்துல இருந்து இருக்கிற கோயில்னு சொல்வாங்க, கோபுரமும் தூண் மண்டபமும் விஜயநகரக் காலத்து வேலை. சாமி கும்பிட்டதும் அப்படியே வெளிய வந்துடாம வெளிச்சுவரைச் சுத்தி ஒரு நடை நடக்கச் சொல்லுங்க. ராவணன் கைலாசத்தைத் தூக்குறான், துர்கை மகிஷனை வதம் பண்றா, சப்தரிஷிங்க இருக்காங்க, நம்ம நாயன்மார்களும் வரிசையா நிக்கிறாங்க, எல்லாத்துக்கும் மேல சிவன் பார்வதி கல்யாணக் காட்சி ஒண்ணு செதுக்கி வச்சிருக்காங்க. வருஷா வருஷம் சித்திரையில மீனாட்சி திருக்கல்யாணம் பார்த்து வளர்ந்தவங்களுக்கு அதைக் காட்டினாப் போதும், அப்புறம் விளக்கம் எல்லாம் அவங்களே சொல்ல ஆரம்பிச்சிடுவாங்க, நீங்க கேட்டுட்டு நின்னாப் போதும். ஒண்ணு மட்டும் கவனம், மத்தியானம் நடை சாத்திடுவாங்க, அதனால பதினோரு மணிக்குள்ள பார்த்துடுங்க.

அங்கிருந்து ஏரி பக்கம்தான், ஏரிக்கரையில திருவள்ளுவர் சிலை. இதோட கதை நம்ம வயசுக்காரங்களுக்குத் தெரியும், வர்ற இளவட்டத்துக்குத் தெரியாது. 1991-ல திறக்க வேண்டிய சிலை, பிரச்சனையாகி பதினெட்டு வருஷம் மூடியே கிடந்துச்சு. 2009 ஆகஸ்ட் 9-ம் தேதி கலைஞர் வந்து திறந்து வச்சார், எடியூரப்பா அப்போ இங்க முதல்வர். அதுக்கு நாலாவது நாளே சென்னை அயனாவரத்துல கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலையைத் திறந்தாங்க. சிலைக்கு முன்னாடி எப்படியும் ஒரு குரூப் போட்டோ எடுப்பாங்க, எடுக்கும்போது இதையும் சொல்லிடுங்க. பெங்களூர்த் தமிழ்ச்சங்கமும் அதே ஏரியா, 1950-ல இருந்து நடக்குது.

மத்தியானம் சாப்பாடு, தூக்கம். தூக்கத்துல யாரும் கை வைக்காதீங்க. சாயந்தரம் அல்சூர் ஸ்டேஷன்ல மெட்ரோ ஏத்துங்க, பர்ப்பிள் லைன்ல டிரினிட்டி, எம்.ஜி. ரோடு தாண்டினா கப்பன் பார்க். நாப்பது பேருக்கு கவுன்டர்ல நின்னு டோக்கன் வாங்குறதுக்குள்ள பொழுது போயிடும், வாட்ஸ்அப்லயே டிக்கெட் எடுக்கலாம், உங்க வீட்டுப் பசங்க நாலு பேரை ஆளுக்குப் பத்துப் பேர்னு பொறுப்பா விட்டுடுங்க. கப்பன் பார்க்குக்குள்ள மரத்தடியில மெதுவா நடந்தா செகப்புக் கலர்ல ஒரு பழைய லைப்ரரி வரும், சேஷாத்ரி ஐயர் நினைவா கட்டினது. பாலக்காட்டுப் பக்கத்துக்காரர், 1883-ல இருந்து பதினெட்டு வருஷம் மைசூர் திவானா இருந்தவர், சிவனசமுத்திரத்துல தண்ணியில கரன்ட் எடுக்கிற வேலையை ஆரம்பிச்சதே அவர் காலத்துலதான், அந்தக் கரன்ட்தான் 1905-ல பெங்களூருக்கு வந்துச்சு. அப்படியே வெளிய வந்தா ஹைகோர்ட், அதுவும் செகப்பு, அட்டாரா கச்சேரின்னு சொல்வாங்க, 1860-கள்ல அதைக் கட்டின கான்ட்ராக்டர் யாருன்னு நினைக்கிறீங்க, ஆற்காடு நாராயணசாமி முதலியார்! எதிர்லயே விதான சௌதா, கெங்கல் ஹனுமந்தையா முதல்வரா இருந்து கட்டி 1956-ல முடிஞ்சது. வாசல்ல நின்னு போட்டோ எடுத்தாப் போதும். லைட் அலங்காரம் பார்க்கணும்னா சனி, ஞாயிறு சாயந்தரம் போடுவாங்க, கல்யாணம் முடிஞ்சு தங்குறவங்க யாராவது இருந்தா ஞாயிறு அன்னிக்கு இன்னொரு தடவை போகட்டும்.

சனிக்கிழமை காலைல ஒண்ணும் வைக்காதீங்க. பொம்பளைங்களுக்கு மெஹந்தி, பூ, ப்ளவுஸ்னு ஆயிரம் வேலை இருக்கும். ஆம்பளைங்க கேட்டா லால்பாக்னு சொல்லி அனுப்புங்க, அதுக்கு அடுத்த கேள்வியில வர்றேன்.

எங்க அப்பாவோட சிநேகிதர்ங்க அஞ்சாறு பேர் தஞ்சாவூர்ல இருந்து வர்றாங்க, எல்லாருக்கும் எழுபதுக்கு மேல. ரொம்ப நடக்க முடியாது, ஆனா சரித்திரம் அது இதுன்னா உயிர். மல்லேஸ்வரத்துல தங்க வைக்கிறோம்.
யஷ்வந்த்பூர் வாசகர்

தஞ்சாவூர்க்காரங்களை மல்லேஸ்வரத்துல தங்க வைக்கிறீங்களே, இதைவிட என்ன வேணும். அங்க காடு மல்லேஸ்வரர் கோயில் இருக்குல்ல, அந்தக் கோயிலுக்கு 1669-ல ஒரு ஊரையே தானமா எழுதி வச்சவர் ஏகோஜி. சிவாஜியோட மாற்றாந்தாய் மகன். அவங்கப்பா ஷாஹாஜிக்கு பெங்களூர் ஜாகீரா, அதாவது மானியமா இருந்துச்சு, அப்புறம் ஏகோஜி கைக்கு வந்துச்சு, இங்கருந்து படையோட கிளம்பிப் போய்த்தான் தஞ்சாவூர்ல மராத்தியர் ஆட்சியை ஆரம்பிச்சார். சரபோஜி மன்னரோட வம்சத்துக்கே மூலவர் அவர்தான். உங்க அப்பாவோட சிநேகிதர்ங்க சரஸ்வதி மகாலைப் பத்தி மணிக்கணக்கா பேசுவாங்கன்னா, இந்தக் கோயில் வாசப்படியில உக்கார வச்சு இதை ஆரம்பிச்சு விடுங்க. எதிர்லயே நந்தி தீர்த்தம், பள்ளத்துல இறங்கிப் பார்க்கணும், நந்தி வாயில இருந்து தண்ணி ஒழுகி கீழ இருக்கிற லிங்கத்து மேல விழுந்துட்டே இருக்கும். பல காலம் மண்ணு மூடிக் கிடந்தது, 1990-கள் கடைசியிலதான் தோண்டி எடுத்தாங்க. படி இறங்க முடியாதவங்க மேல இருந்தே எட்டிப் பார்க்கலாம்.

இன்னொரு நாள் லால்பாக். 1760-ல ஹைதர் அலி ஆரம்பிச்ச தோட்டம், திப்பு பெருசாக்கினார், கண்ணாடி மாளிகை 1889-ல வந்தது. உள்ள பேட்டரி வண்டி ஓடுது, பெரியவங்களை அதுல ஏத்தி விட்டா உக்காந்த இடத்துலயே தோட்டத்தைப் பார்த்துடலாம். நடுவுல ஒரு பாறைக்குன்று இருக்கும், உச்சியில கெம்பேகவுடா கோபுரம். அந்தப் பாறைக்கு வயசு கிட்டத்தட்ட முந்நூறு கோடி வருஷம், கீழ நின்னு ஒரு கையை வச்சுப் பார்க்கச் சொல்லுங்க, மேல ஏற வேண்டாம், வழுக்கும். ஜனவரி 26-ஐ ஒட்டி மலர்க் கண்காட்சி நடக்கும், தை கல்யாணத்துக்கு வர்றவங்களுக்கு அது லாட்டரி, ஆனா லீவு நாள்ல போனா பூவைவிடத் தலைதான் அதிகம் தெரியும், வாரநாள்ல காலையிலயே போயிடுங்க.

அக்கா, என் அண்ணன் கல்யாணம். கோயமுத்தூர்ல இருந்து அவன் ஃப்ரெண்ட்ஸ் ஒரு வேன்ல வர்றாங்க, முகூர்த்தத்துக்கு முந்தின நாள் விடிகாலைல நந்தி ஹில்ஸ் சன்ரைஸ் போகணும்னு ஒத்தைக்கால்ல நிக்கிறாங்க. அண்ணனையும் கூட்டிட்டுப் போவாங்களாம்!
ஹொரமாவு வாசகி

அண்ணனை அனுப்பாதீங்க. அறுபது கிலோமீட்டர், ராத்திரி மூணு மணிக்குக் கிளம்பணும், சனி ஞாயிறுன்னா கேட் திறக்கறதுக்கு முன்னாடியே வண்டிங்க வரிசை கட்டி நிக்கும், மேல போனா பனி மூடி சூரியனே தெரியாம திரும்பி வர்றவங்கதான் பாதி. கிட்டத்தட்ட 1,478 மீட்டர் உயரம், தை மாசக் குளிர்ல டி ஷர்ட்டோட போய் நின்னுட்டு ராத்திரி ரிசப்ஷன்ல மாப்பிள்ளை தும்மிட்டே நின்னா போட்டோகிராபருக்குத்தான் கஷ்டம்.

ஃப்ரெண்ட்ஸ் வேணா வேற நாள் போகட்டும், இளவட்டம், தாங்கும். அண்ணன் கல்யாணம் முடிஞ்சு அண்ணியோட போகட்டும், அதுவும் மலை மேல இல்ல, கீழ நந்தி கிராமத்துல போக நந்தீஸ்வரர் கோயிலுக்கு. ஆயிரம் வருஷத்துக்கு மேல பழசு. ஒரு பக்கம் அருணாசலேஸ்வரர் சந்நிதி, அவர் பால பருவம்னும் இன்னொரு பக்கம் போக நந்தீஸ்வரர் வாலிபம்னும் மலை மேல இருக்கிற யோக நந்தீஸ்வரர் துறவுன்னும் சொல்வாங்க. ரெண்டு சந்நிதிக்கும் நடுவுல சின்னதா உமா மகேஸ்வரர் சந்நிதி, அதுக்கு முன்னாடி கறுப்புக் கல்லுல இழைச்சு இழைச்சுச் செதுக்கின கல்யாண மண்டபம், தூண்ல கிளியும் கொடியும் அவ்வளவு பொடிசா இருக்கும், விரலால தடவிப் பார்த்தாத்தான் நம்புவீங்க. புதுசாக் கல்யாணம் ஆனவங்க அங்க வந்து கும்பிட்டுப் போறது வழக்கம். வெளிய படி படியா இறங்குற பெரிய குளமும் உண்டு. கூட்டம் இல்லாம, தள்ளுமுள்ளு இல்லாம, எனக்கு நந்தி மலையைவிட இதுதான் பிடிக்கும்.

குழந்தைங்க ஒரு பத்துப் பேர் வர்றாங்க, மண்டபத்துல ஓடியாடி எல்லாத்தையும் உடைக்கிறதுக்கு முன்னாடி எங்கயாவது கொண்டு போய் விடணும்.
இந்திரா நகர் வாசகி

கஸ்தூர்பா ரோட்ல விஸ்வேஸ்வரய்யா மியூசியம், கையால திருப்பிப் பார்க்கிற மிஷின் எல்லாம் இருக்கு, அரை நாள் ஓடிடும். ப்ளேன் பைத்தியம் இருந்தா பழைய ஏர்போர்ட் ரோட்ல ஹெச்.ஏ.எல் மியூசியம், இந்திரா நகர்ல இருந்து கிட்ட. பன்னேர்கட்டான்னா முழு நாள் ஒதுக்கணும், செவ்வாய்க்கிழமை லீவு, அதைப் பார்த்துட்டு ப்ளான் பண்ணுங்க.

காஞ்சிபுரத்துல இருந்து வர்ற எங்க பெரிய அத்தை பெங்களூர்ல பட்டுப்புடவை எடுக்கணும்னு சொல்றாங்க. சிரிக்கிறதா அழறதான்னு தெரியல. எங்க கூட்டிட்டுப் போறது?
கே.ஆர். புரம் வாசகி

அத்தை தெளிவாத்தான் இருக்காங்க, அவங்க கேக்கறது மைசூர் சில்க்கா இருக்கும். காஞ்சிப் பட்டு மாதிரி கனமா இருக்காது, ஒத்தைக் கலர்ல வழவழன்னு உடம்போட ஒட்டிட்டு நிக்கும், ஓரத்துல சரிகை மட்டும். அரசாங்கத்தோட கே.எஸ்.ஐ.சி ஷோரூம்லயே எடுங்க, மைசூர்ல அவங்க ஃபேக்டரி 1912-ல மகாராஜா காலத்துல ஆரம்பிச்சது. காலைல கடை திறக்கும்போதே போகணும், லேட்டானா நல்ல கலர் இருக்காது. பேரம் பேசி எடுக்கிற சுகம் வேணும்னா சிக்பேட்டை, க்ரீன் லைன் மெட்ரோ வாசல்லயே இறக்கி விடும், சந்துக்குள்ள கார் போகாது, எடுத்துட்டுப் போனா பார்க்கிங் தேடியே சாயந்தரம் ஆயிடும். ரிட்டர்ன் கிஃப்ட்டுக்கு சென்னபட்டணா மர பொம்மை நல்லா இருக்கும், வெட்பாலை மரத்துல கடைஞ்சு அரக்குச் சாயம் ஏத்தினது, எம்.ஜி. ரோடு காவேரி எம்போரியத்துல கிடைக்கும்.

பெங்களூர் டிபன் கடைக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லி திருநெல்வேலி சம்பந்தி கேக்கறார். சாம்பார் இனிக்குதுன்னு சொல்லிடுவாரோன்னு பயமா இருக்கு.
பசவனகுடி வாசகர்

சொல்லுவார். கண்டிப்பா சொல்லுவார். அதுக்காகக் கூட்டிட்டுப் போகாம இருக்க முடியுமா? வெல்லம் போடுறது இந்த ஊர் வழக்கம்னு முன்கூட்டியே ஒரு வார்த்தை போட்டு வச்சுடுங்க, அப்புறம் சாம்பாரை விட்டுட்டு சட்னி பக்கம் அவரைத் திருப்பி விடுங்க. காந்தி பஜார் வித்யார்த்தி பவன் உங்களுக்குப் பக்கம், 1943-ல இருந்து இருக்கு, வெள்ளிக்கிழமை லீவு. தோசை தடிமனா மொறுமொறுன்னு வரும், ஒரே ஆள் கையில தட்டுகளை அடுக்கு அடுக்கா ஏத்தி மேசைக்கு மேசை இறக்கிட்டுப் போவார், சம்பந்தி தோசையை மறந்து அதைத்தான் வீடியோ எடுப்பார். லால்பாக் போற அன்னிக்குன்னா பக்கத்துலயே எம்.டி.ஆர், 1924-ல ஆரம்பிச்சது, இரண்டாம் உலகப்போர் சமயம் அரிசித் தட்டுப்பாடு வந்தப்போ ரவா இட்லியை அவங்கதான் கொண்டு வந்தாங்க. ஞாயித்துக்கிழமைன்னா ரெண்டு கடையிலயும் ஒரு மணிநேரம் கூட நிக்க வேண்டி வரும், பசியோட கூட்டிட்டுப் போகாதீங்க. நின்னுட்டே சாப்பிடுற தர்ஷினியில ஒரு பை-டூ காபியும் வாங்கிக் கொடுங்க, ஒரு காபியை ரெண்டா ஊத்தித் தர்றதை சம்பந்திங்க ரெண்டு பேரும் ஆளுக்குப் பாதியா குடிச்சா அதுவே ஒரு சடங்கு மாதிரிதான்.

சென்னை நாத்தனார் கேக்கறாங்க, பெங்களூர்லயும் லேடீஸுக்கு பஸ் ஃப்ரீயாமே, அப்போ எதுக்கு வண்டி வைக்கணும்னு.
மாரத்தஹள்ளி வாசகி

ஃப்ரீதான், 2023 ஜூன்ல இருந்து, ஆனா கர்நாடகா அட்ரஸ் இருக்கிற அடையாள அட்டை காட்டணும். சென்னை ஆதார் செல்லாது, ஏ.சி. பஸ்ஸும் அதுல சேராது. இதை நாத்தனார்கிட்ட நீங்களே இப்பவே சொல்லிடுங்க, பஸ்ல ஏறினப்புறம் கண்டக்டர் சொல்லித் தெரிஞ்சா அந்தக் கோவம் உங்க மேலதான் திரும்பும்.